முகம் மரபு, துணி சாட்சி

நூலின் தடம் – 17

சென்ற பகுதியில் எகிப்தின் ஃபுஸ்டாட் மண்மேட்டில் கிடைத்த குஜராத்துப் பருத்தித் துண்டுகளைப் பார்த்தோம். மழை காணாத மண் என்பதால் அவை ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. நம் நாட்டுப் பருத்திக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஈரமும் கரையானும் பூஞ்சையும் தின்றது போக, மிஞ்சியதை நாமே கந்தலாக்கி, கரித்துணியாக்கி, விளக்குத் திரியாக்கித் தீர்த்துவிடுகிறோம். இந்தியத் துணியின் வரலாற்றை எழுத உட்கார்ந்த எல்லாருக்கும் ஒரே தவிப்பு: பொருள் போய்விட்டது, பேர்தான் நிற்கிறது. கல்வெட்டு தறி மீது போட்ட வரியைச் சொல்லும். அந்தத் தறியில் இறங்கிய துணி எப்படி இருந்தது என்று சொல்லாது. கம்பெனிக் கப்பல் கணக்கு எத்தனை பொதி, என்ன விலை என்று சொல்லும். உடுத்தியபோது அது எப்படி விழுந்தது என்று சொல்லாது. கோயில் சிலை மடிப்பைக் காட்டும், நிறத்தைக் காட்டாது. நிறம், கரை, பூ, மெல்லிழை, உடம்பில் விழும் வாகு எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டக்கூடிய சாட்சி ஒருத்தி இருக்கிறாள். சிற்றோவியங்களில் காதலனுக்காகக் காத்திருக்கும் நாயகிதான் அவள். இதுவரை பெரும்பாலும் கலை விமரிசகர்களும் நாட்டிய ஆசிரியர்களும்தான் அவளை விசாரித்திருக்கிறார்கள். நூலையும் சாயத்தையும் கையில் பிடித்துப் பழகியவர்கள் விசாரித்தால் அவள் இன்னும் நிறையச் சொல்வாள் என்பதே இந்தப் பகுதியில் நான் வைக்கும் வாதம்.

யார் இந்த நாயகி? பரதரின் நாட்டிய சாஸ்திரம் காதல்வயப்பட்ட பெண்ணை எட்டு நிலைகளில் வைத்துப் பார்த்தது. காதலனைத் தன் சொல்லுக்குள் வைத்திருப்பவள், அவன் வரவுக்காகப் படுக்கை விரித்து அலங்கரித்துக் காத்திருப்பவள், அவன் தாமதிப்பதால் தவிப்பவள், குறித்த இடத்தில் அவனைக் காணாமல் ஏமாந்தவள், வேறொருத்தி வீட்டில் இரவைக் கழித்து விடியலில் வந்து நிற்பவனிடம் சீறுபவள், சண்டையிட்டு விரட்டிவிட்டுப் பிறகு வருந்துபவள், அவன் தூரதேசம் போக வீட்டில் இருந்து இளைப்பவள், எல்லாத் தடையையும் மீறி இரவில் தானே அவனைத் தேடிப் புறப்படும் அபிசாரிகை. பரதநாட்டியம் பார்க்கிறவர்களுக்கு க்ஷேத்ரய்யரின் பதங்கள் வழியாக இவர்கள் எல்லாருமே பழக்கம். வடக்கே இவர்களை ஓவியர்களின் கைக்குக் கொண்டுபோனவற்றில் இரண்டு நூல்கள் முக்கியமானவை. ஒன்று பானுதத்தர் சமஸ்கிருதத்தில் எழுதிய ரசமஞ்சரி. மற்றொன்று 1591இல் ஓர்ச்சாவில் கேசவதாசர் பிரஜ் மொழியில் எழுதிய ரசிகப்பிரியா. அடுத்த இரு நூற்றாண்டுகளில் மேவார், பசோலி, காங்க்ரா என்று ராஜஸ்தானத்திலும் இமயமலை அடிவாரத்திலும் இருந்த அரசவைகளில் நாயகிப் படங்கள் தொகுதி தொகுதியாக எழுதப்பட்டன. மன்னரும் மனைவியரும் நெருங்கிய நண்பர்களும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்ப்பதற்கான படங்கள் இவை. சுவரில் மாட்டுவதற்கு அல்ல.

இவற்றில் நாலைந்தைச் சேர்த்து வைத்தாலே ஒன்று புலப்படும். பசோலி நாயகிகள் எல்லாருக்கும் ஒரே முகம்: பின்னோக்கிச் சரிந்த நெற்றி, பக்கவாட்டு முகத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் கண். காங்க்ரா நாயகிகளுக்கும் ஒரே முகம்தான், ஆனால் அது வேறு முகம்: நெற்றியும் மூக்கும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இறங்கும், கண் நீண்டு ஒடுங்கியிருக்கும். கோபப்படுகிறவளுக்கும் காத்திருக்கிறவளுக்கும் முகத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. ஆளுக்கு ஆள் மாறவேண்டிய முகம் ஊருக்கு ஊர் மாறுகிறதே என்று தமிழ் வாசகர் குழம்பத் தேவையில்லை. அகப்பாட்டில் தலைவன், தலைவி பேரைச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. பேர் சொன்னால் அது ஒருத்தியின் கதையாகிவிடும். சொல்லாதவரை எல்லாருடைய நிலையாகவும் இருக்கும். அதே நியாயத்தில்தான் நாயகியின் முகமும் வைக்கப்பட்டது. அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஓரளவு அறிவோம். 1968இல் கலை வரலாற்றாசிரியர் பி.என். கோஸ்வாமி, ஹரித்வாரின் பண்டாப் புரோகிதர்களின் யாத்திரிகர் ஏடுகளில் ஓவியர்கள் தம் கைப்பட எழுதிய குடும்ப விவரங்களையெல்லாம் தேடியெடுத்து, மலைநாட்டு ஓவிய பாணிக்கு அடிப்படை அரசவை அல்ல, ஓவியக் குடும்பம் என்று நிறுவினார். காங்க்ரா முகம் என்று நாம் சொல்வது மாணக்கு, நைன்சுக் என்ற ஓவியச் சகோதரர்களின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடம் கற்றுக்கொண்ட முகம். அது குடும்பச் சொத்து. எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்து எழுதியது அல்ல.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். கிஷன்கட் ராதையை எங்கே வைப்பது? 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நிஹால் சந்த் எழுதியதாகச் சொல்லப்படும் அந்தப் படம் 1973இல் தபால்தலையாகவும் வந்தது. இந்தியச் சிற்றோவியம் என்றாலே பலருக்கும் நினைவில் எழும் முகம் அதுதான். மேலே வளைந்தேறும் புருவம், காதுவரை ஓடும் கண், கூரிய மூக்கு, முன்னே நீண்ட முகவாய். நாகரிதாஸ் என்ற பேரில் கவிதை எழுதிய இளவரசர் சாவந்த் சிங்கின் காதலியான பணி தணி என்ற பாடகியின் முகமே அது என்பார்கள். இருக்கலாம். ஆனால் நிஹால் சந்தும் அவர் வழிவந்தவர்களும் எழுதிய மற்ற படங்களைப் பாருங்கள். அதே கண்ணும் அதே முகவாயும் கிருஷ்ணனுக்கும் இருக்கின்றன, சுற்றி நிற்கும் தோழியருக்கும் இருக்கின்றன. ஒரு பெண்ணின் முகத்திலிருந்து பிறந்திருந்தாலும் சில ஆண்டுகளுக்குள் அது கிஷன்கட் முழுவதற்கும் பொது முகமாகிவிட்டது. விதிவிலக்கு என்று காட்டப்படும் படமே விதியை உறுதி செய்கிறது. அந்தப் படத்தில் நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. அவள் ஒரு கையில் தாமரை மொட்டுகள். மற்றொரு கைவிரல்கள் மேலாக்கின் ஓரத்தை மெல்லப் பிடித்திருக்கின்றன. அந்த மேலாக்கு வழியே கூந்தலும் நகையும் தெரிகின்றன. ஓரத்தில் மட்டும் பொன் கரை ஓடுகிறது. எல்லாரும் கண்ணைப் பார்க்கிற படத்தில் ஓவியன் மிகப் பொறுமையாக வேலை செய்த இடங்களில் ஒன்று அந்தத் துணி.

முகம் நிலையைச் சொல்லாதபோது படத்தில் வேறு ஏதோ சொல்லியாக வேண்டும். வானம், மரம், விளக்கு, படுக்கை எல்லாம் சொல்கின்றன. எல்லாவற்றையும் விட அதிகமாக ஆடை சொல்கிறது. அபிசாரிகையை எடுத்துக்கொள்வோம். இருண்ட இரவில் போகிறவளுக்கு நீலமோ கருப்போ உடை, நிலவு காய்கிற இரவில் போகிறவளுக்கு வெள்ளை உடை என்று காவிய மரபு வகுத்திருந்தது. ஊர்க் கண்ணில் படாமல் போகவேண்டும், அதுதான் காரணம். மலைநாட்டு ஓவியர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மழை இரவு, காலடியில் பாம்பு, கழன்ற சிலம்பு பின்னால் கிடக்கிறது, தலையிலிருந்து இறங்கும் நீல மேலாக்கு இருட்டோடு கலக்கிறது, ஆனால் அதன் ஜரிகைக் கரை மட்டும் மின்னல் வெளிச்சத்தை வாங்கித் திருப்புகிறது. அவள் துணிச்சலையும் அவளுக்கு இருக்கும் ஆபத்தையும் ஒரே துணியின் உடலும் கரையும் பங்கு போட்டுச் சொல்கின்றன. நிலவு இரவின் படங்களில் வெண்முற்றத்தின் மேல் வெள்ளையாடைக்காரி. வெள்ளைக்குள் வெள்ளையைப் பிரித்துக்காட்டுவது ஓவியனுக்கு வைத்த பரீட்சை. விடியலில் வந்து நிற்கும் காதலனிடம் சீறுகிறவளின் படத்தில் சாட்சி அவன் மேல் இருக்கிறது: நெற்றியில் வேறொருத்தியின் பாதத்துச் செம்பஞ்சுக் குழம்பின் கறை. மருதத்து ஊடல் தெரிந்த நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஏமாந்தவள் நகைகளைக் கழற்றி எறிகிறாள். பிரிந்தவளுக்கு உடையில் அக்கறை இல்லை, மேலாக்கு தோளில் நிற்காமல் சரிகிறது. எட்டு நாயகியரையும் முகத்தை மறைத்துவிட்டு உடையையும் கையசைவையும் மட்டும் காட்டினால் பெரும்பாலும் அடையாளம் சொல்லிவிடலாம். உடையை மறைத்து முகத்தை மட்டும் காட்டினால் சொல்ல முடியாது.

மெல்லிழைத் துணியை அவர்கள் எழுதிய விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். முதலில் தோளின் நிறம், கூந்தலின் கருமை, ரவிக்கையின் சிவப்பு எல்லாவற்றையும் முழுதாகத் தீட்டி முடிக்கிறார்கள். அதன் மேல் வெள்ளையை நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு பூச்சு. துணி இரண்டாக மடிந்து விழும் இடத்தில் இரண்டாம் பூச்சு, கொசுவம் கூடும் இடத்தில் மூன்றாவது. ஒற்றை மடிப்பில் ரவிக்கையின் சிவப்பு ரோஜா நிறமாகத் தெரியும். இரட்டை மடிப்பில் மங்கும். கொசுவத்தில் வெள்ளை மட்டும் நிற்கும். கடைசியாக அணில் மயிர்த் தூரிகையால் ஓரத்தில் ஒரு கோடு. செக்கிங் மேஜையில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவர் தேடுவதும் இதைத்தானே: ஒரு மடிப்பில் எவ்வளவு தெரிகிறது, இரண்டில் எவ்வளவு மறைகிறது. துணியைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். சாயத்திலும் ஓவியனும் சாயக்காரனும் பங்காளிகள். தொட்டியில் நூலைத் தோய்த்த அதே அவுரி நீலம்தான் ஓவியனின் சிப்பியிலும் இருந்தது. துணிக்குச் சிவப்பேற்றிய அரக்குதான் படத்துக்கும் சிவப்பானது. 1660–70 அளவில் எழுதிய பசோலி ரசமஞ்சரித் தொகுதியில் நாயகியின் மரகதங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பொன்வண்டுச் சிறகுகளையே நறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதே சிறகை 19ஆம் நூற்றாண்டில் மஸ்லின் மீது தைத்து ஐரோப்பியச் சீமாட்டிகளின் கவுன்களுக்கு அனுப்பினார்கள்; அந்தத் தையல் வேலை நடந்த ஊர்களில் சென்னையும் ஒன்று.

வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. முகம் குடும்ப மரபு என்றால் துணி மட்டும் எப்படி நேரில் கண்டதாகும்? ஓவியர்கள் பழைய படத்தின் மேல் மெலிந்த மான்தோலை வைத்துக் கோட்டை எடுப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டிப் புதுத் தாளில் உருவத்தை இறக்குவார்கள். தாத்தா வரைந்த பெண் பேரனின் படத்தில் அப்படியே நிற்பாள். அவள் உடையும் தாத்தா காலத்து உடையாகவே இருக்கும் அல்லவா? நியாயமான கேள்வி. பதிலை இரண்டு வகையில் சொல்லலாம். முதலாவது, மான்தோல் அச்சில் இறங்குவது கோடு மட்டும்தான். பாவாடையின் விரிவு அதில் வரும். அதற்குள் நிரப்பும் பூ, கட்டம், நிறம், கரை எதுவும் வராது. அவை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்கப்பட்டவை. இரண்டாவது, படத்துத் துணியை நிஜத் துணியோடு ஒப்பிடக் கிடைத்த இடங்களில் ஓவியன் பொய் சொல்லவில்லை. இங்கேதான் சென்ற பகுதியின் ஃபுஸ்டாட் துண்டுகள் மறுபடியும் வருகின்றன. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் இப்படிப்பட்ட அச்சுத் துணித் துண்டுகள் சுமார் 1,200 இருக்கின்றன. அவற்றில் காணும் அன்னப்பறவை வரிசையும் கொடிப் பூவும் 15ஆம் நூற்றாண்டு குஜராத்து சமண ஏடுகளில் பெண்களின் ஆடையில் காணும் அன்னத்தோடும் கொடியோடும் இனம் சேர்கின்றன. ஏடு எழுதியவனுக்கு எகிப்து தெரியாது; எகிப்தில் அந்தத் துணியை வாங்கியவனுக்கு ஏடு தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது குஜராத்தின் அச்சுப் பட்டறை ஒன்றுதான்.

உடையை வைத்தே படத்தின் காலத்தைக் கணிக்க முயன்ற வழக்கும் உண்டு. காஷ்மீரத்துக் கவி பில்ஹணரின் சௌரபஞ்சாசிகாவுக்கு எழுதிய, இப்போது அகமதாபாத்தில் என்.சி. மேத்தா தொகுப்பில் உள்ள 18 படங்களைப் பற்றிய வழக்கு அது. நாயகி சம்பாவதியின் மேலாக்கு அவற்றில் உடம்பை ஒட்டி விழவில்லை. கஞ்சி போட்டதுபோல் விறைத்து, கூர்முனையாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனாலும் உள்ளே உள்ளதெல்லாம் தெரிகிறது. படத்தில் தேதி இல்லை. அங்குள்ள ஆண்களின் அங்கி விளிம்பு நாலு முனையாகத் தொங்குவதைப் பார்த்து, இது அக்பர் காலத்து உடை, அதனால் படங்களும் அந்தக் காலத்தவை என்றார் கலை வரலாற்றாசிரியர் கார்ல் கண்டாலாவாலா. மறுத்தவர்கள், அந்த அங்கி முகலாயருக்கு முன்பே சுல்தான்கள் காலத்தில் புழங்கியது என்றார்கள். 1516 என்று தேதியிட்டு ஆக்ராவுக்கு அருகே எழுதப்பட்ட ஆரண்யக பர்வம் போன்ற ஏடுகள், இந்த பாணியின் வேர் முகலாயருக்கு முந்தியது என்று காட்டின. இந்த வழக்கில் எந்தத் தரப்பு வென்றது என்பதை விட இரண்டு தரப்பாரும் எதில் ஒத்துப்போனார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. படத்தில் உள்ள உடை அந்தப் படம் எழுதிய காலத்து உடை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது இல்லாமல் வாதமே நடந்திருக்க முடியாது.

இன்னொரு தகவலை இங்கே சொல்லியே ஆகவேண்டும், ஏற்றுமதியிலேயே பிழைக்கிற திருப்பூர்க்காரர்களுக்கு அது இனிக்கும். துணி படத்துக்குள் போனது போலவே படத்துப் பெண்ணும் துணிக்குள் வந்து கப்பல் ஏறினாள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொராஜா மக்கள் சடங்குகளில் மட்டும் வெளியே எடுக்கும் குலச்சொத்தாகப் பாதுகாத்த நீளமான பருத்தித் துணிகள் சில உலக அருங்காட்சியகங்களுக்கு வந்திருக்கின்றன. ஐந்து மீட்டர் அளவுக்கு நீண்ட அந்தத் துணிகளில் வரிசையாக நிற்கும் பெண்கள். கையில் வீணை, கிளி. முகத்துக்கு வெளியே பிதுங்கும் கண். பூவும் கட்டமுமாக வெவ்வேறு ஆடைகள். சமண ஏட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் போலவே இருக்கிறார்கள். கார்பன் கணிப்பு இவற்றை 15, 16ஆம் நூற்றாண்டுக் குஜராத்துக்குக் கொண்டுபோகிறது. துணிக்குள் பெண், அவள் உடுத்தியிருப்பது இன்னொரு துணி, அந்தத் துணியும் அதே பட்டறை வேலை! நம் கரையிலும் இது நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பருத்தி மேல் கையால் எழுதிச் சாயமேற்றிய திரைகளில் அரசவைப் பெண்களும் ஆண்களும் பலதேசத்து மக்களும் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு திரை ஏழு துண்டுகளாக நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தத்துவப் பக்கத்திலிருந்து வரும் மறுப்பை மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதைச் சொன்னவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழ்ப் பரம்பரையில் வந்த சர் முத்து குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பில் பிறந்தவர். எட்டு நாயகியரைப் பற்றி 1914இல் கட்டுரை எழுதி, 1916இல் ராஜபுத்திர ஓவியம் பற்றிய இரண்டு பாக நூலை வெளியிட்டு, முகலாய ஓவியத்தின் நிழலில் கிடந்த இந்தப் படங்களைத் தனி மரபு என்று உலகுக்குக் காட்டியவர் அவர்தான். அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாயகி ஆன்மா, நாயகன் இறைவன், இரவு உலக வாழ்வு, அபிசாரிகையின் பயணம் ஆன்மாவின் பயணம் என்பது அவர் காட்டிய வழி. அப்படியானால் மேலாக்கின் கரையை அளந்துகொண்டிருப்பது அற்பம் அல்லவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டாளின் பாட்டு ஆன்மாவின் தாகம் என்று ஏற்கிறவர்கள் அவள் பாடிய பூவும் குயிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பூ அல்ல, குயில் அல்ல என்று சொல்வதில்லை. உட்பொருள் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவுக்கு அதைத் தாங்கும் பொருள் நிஜமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் படம் பார்க்கிறவர் மனத்தில் ஒட்டாது. அதோடு, குமாரசுவாமியே 1908இல் கண்டி ராஜ்யத்தின் நெசவாளர், தச்சர், கன்னார் வேலைகளை அக்கறையாகப் பதிந்து பெரிய நூல் எழுதியவர். கைவினைஞனின் பொருளை அற்பம் என்று அவர் என்றுமே நினைத்ததில்லை.

அந்தப்புரத்துக்குள் ஓவியனுக்கு இடமில்லையே, அவன் எதைப் பார்த்தான் என்றும் கேட்கலாம். பெண்ணைப் பார்த்திருக்கமாட்டான், துணியைப் பார்த்தான். ஜெய்ப்பூர் அரண்மனையில் 36 கார்கானாக்கள் இருந்தன. ஓவியத்துக்கு சூரத்கானா, உடைக்கு தோஷகானா, சாயத்துக்கு ரங்கானா என்று எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ். முகலாய அரண்மனையிலும் துணியைக் கவனிப்பது பெரிய வேலை: அபுல் ஃபசல் ஐன்-இ-அக்பரியில் காஸா, மல்மல், கங்காஜல் என்று பருத்தி ரகங்களைப் பேரும் விலையுமாகப் பட்டியல் போட்டிருக்கிறார். ஆனால் என் வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைப்பது சரியல்ல. காங்க்ராவில் மன்னர் சன்சார் சந்த் காலத்துப் படங்களில் ஆயர்பாடிப் பெண்கள் காங்க்ரா பிரபு வீட்டுப் பெண்களின் உடையில் மாடு ஓட்டுகிறார்கள், தண்ணீர் எடுக்கிறார்கள். எந்த இடைச்சி அவ்வளவு மெல்லிய மஸ்லினில் பால் கறந்தாள்? பணக்கார வீட்டுத் துணிக்குச் சாட்சி சொல்லும் இந்தப் படங்கள் ஏழையின் முரட்டுத் துணியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. நூற்றவளும் நெய்தவனும் சாயம் போட்டவனும் நாயகிப் படங்களுக்குள் இல்லை. படத்தில் அந்த நீலம் அழகாக இருக்கிறது. அதைத் தோய்த்தவனின் கை என்ன நிறத்தில் இருந்தது, அலசிய தண்ணீர் எங்கே போனது என்பதை 2011இல் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் பூட்டப்பட்டதைப் பார்த்த நொய்யல் கரைக்காரர்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். அதற்குப் படத்தில் பதில் இல்லை. நூலின் கவுண்டையும் படம் சொல்லாது. நம் பனியனுக்கு 30, 40ஆம் கவுண்ட் நூல் ஓடுகிறது. டாக்கா மஸ்லினின் நூல் அதைப் போலப் பல மடங்கு மெலிது என்பதைத் துணி ஆய்வாளர்கள்தான் சொன்னார்கள். படம் காட்டுவது அந்த மெலிவின் விளைவை மட்டும்.

தமிழ்நாட்டில் இந்த நாயகி எங்கே? இங்கே காகிதச் சிற்றோவியம் வடக்கைப்போல் வேர்விடவில்லை. ஓலையில் வண்ணம் தீட்டிப் பெரிய படம் எழுத முடியாது. நம் ஓவியர்களுக்குச் சுவரும் துணியும்தான் தாள். ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தின் சுவர்களைப் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் எழுதியவை. போரும் புராணமும் அரசவையும் ஐரோப்பியர் வருகையும் ஒருபக்கம். சேதுபதியும் பெண்களும் கூடிய காதல் காட்சிகள் ஒருபக்கம். இங்கும் பெண்களின் முகம் ஒரே அச்சு. சேலைகளும் ரவிக்கைகளும் அப்படி இல்லை. கோடு, பூ, கரை என்று சுவர் முழுக்கத் துணி. அந்தக் காலத்தில் ராமநாதபுரம் கரையிலிருந்து பருத்தித் துணி கடல் கடந்துகொண்டிருந்தது. எந்தச் சேலை எந்த ஊர்த் தறியில் இறங்கியது என்று படத்துச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டியலிட்டு, வணிகக் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் வேலை பல ஆராய்ச்சி மாணவர்களுக்குப் போதும். மழைநீர் கசிவிலும் வெள்ளையடிப்பிலும் தமிழ்நாட்டுக் கோயில் சுவர் ஓவியங்கள் எத்தனையோ அழிந்துவிட்டன என்பதை நினைத்தால், இந்த வேலையைத் தள்ளிப்போட நியாயமே இல்லை.

கொங்கு நாட்டுக்கு வருவோம். ரசமஞ்சரியிலிருந்து ராமலிங்க விலாசம் வரை படத்தில் உள்ள துணி எல்லாமே நெய்த துணி. பின்னல் துணி நம் நாட்டில் தொழிலாக எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்கத்தாவில். திருப்பூருக்கு அது வந்தது 1920களில். அதற்குள் நாயகியை எழுதிய அரசவைகளும் ஓவியக் குடும்பங்களும் கலைந்துவிட்டன. பின்னலாடைக்கு ஒரு பசோலியோ காங்க்ராவோ இல்லை. 1930களில் இங்கே பின்னிய பனியன் எப்படி இருந்தது, 1980களில் ஐரோப்பாவுக்குப் போன டி-ஷர்ட்டின் நீலம் என்ன நீலம் என்பதை எதிர்காலத்தில் கேட்பவர்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போக எந்த ஓவியனும் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பருத்தியோ முன்னைப்போலவே மட்கிப் போகும். ஆனால் ஓவியன் செய்த வேலையைச் செய்யக்கூடிய ஒன்று ஒவ்வொரு கம்பெனியிலும் இருக்கிறது. சாம்பிள் அறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் ஸ்வாட்ச் கார்டுகள், லேப் டிப் அட்டைகள், பையர் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்பிய அப்ரூவல் துண்டுகள் ஆகியவைதான் அவை. இடம் அடைக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை அவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

தயவுசெய்து போடாதீர்கள். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு துண்டாவது எடுத்து, நூல் கவுண்ட், ஜி.எஸ்.எம்., சாயத்தின் வகை, ஆண்டு, எந்த நாட்டுக்குப் போனது என்ற ஐந்தையும் பின்பக்கம் எழுதி, வெயில் படாத அட்டைப்பெட்டியில் வையுங்கள். வைக்க இடமில்லாதவர்கள் முதலிபாளையத்தில் உள்ள நிஃப்ட்-டீ கல்லூரியையோ, கோவை அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் ஜவுளி அருங்காட்சியகத்தையோ அணுகிக் கேட்டுப் பார்க்கலாம். பழைய கார்டுகள் உங்களிடம் இருந்தால், முதல் வேலையாக ஆண்டைக் குறித்துவிடுங்கள். சௌரபஞ்சாசிகா வழக்கு அத்தனை ஆண்டுகள் இழுத்ததற்குக் காரணம் அந்த 18 படங்களில் ஒன்றில்கூடத் தேதி இல்லாததுதான்.

(தொடரும்)